தன்மை ஒருமை

கெனடி ஸ்ரேசனிலிருந்து மோர்னிங்சைட் மட்டும்
எந்தக் கடையிலை கழிவறைத் திறப்புக் கேக்க வேணும்,
எதிலை கேக்காமல் நுழையலாம்
எண்டு எனக்குப் பாடம்.
லோரன்ஸ் மூலை டோனட் கடைப் பெடியன்
நான் வாய் திறக்க முன்னமே
அகப்பை கட்டின திறப்பை மேசையிலை வைப்பான்.
நல்லவன்.
அதாலைதான் அங்கை போறதை விட்டிட்டன்.

தண்ணி குடிக்கிறதை மத்தியானத்தோடை நிப்பாட்டினன்.
பிறகு காலமையோடை.
பாண் ஃபக்ரறியிலை பெல்ற் ஓடிக்கொண்டே இருக்கும்,
கை தூக்கினால்தான் மாத்து ஆள் வரும்.
மூண்டாம் தரம் தூக்கினாலும் ஆரும் ஏசுறேல்லை.
மணிக்கூட்டை ஒருக்கா பாப்பினம்,
அவ்வளவுதான்.

மாதவிலக்கு நிண்டு நாலு வருசம்.
இன்னும் வாங்கிறன் அந்தப் பெட்டியை,
வெங்காயத்தாளுக்குக் கீழை வைச்சு.
இவர் ஒருநாள் பில்லைப் பாத்திட்டு
"இதென்ன, இன்னுமோ?" எண்டார்.
"மகளுக்கு" எண்டன்.
மகள் கல்கரியிலை இருக்கிறாள்.

மருந்துக்கடைக்குப் போன் எடுத்து
"என்ரை சிநேகிதி ஒராளுக்கு" எண்டு தொடங்கினன்.
சிநேகிதிக்கு எத்தினை வயசெண்டு கேட்டினம்.
என்ரை வயசிலை மூண்டைக் குறைச்சன்.
தன்மை, முன்னிலை, படர்க்கை எண்டு
பள்ளிக்கூடத்திலை பாடமாக்கினது;
இந்த வருத்தம் வந்தபிறகு
நான் முழுக்கப் படர்க்கையாப் போனன்.

குடும்ப டொக்ரர் எங்கடை ஆள்தான்.
அவற்றை மனிசி என்னோடை சீட்டுப் பிடிக்கிறவ.
அவரிட்டை மூண்டு தரம் போய்
மூண்டு தரமும் முழங்காலைக் காட்டினன்.
முழங்கால் இப்ப நல்ல சுகம்.

பிறகு துஷ்யந்தன்ரை கலியாண வீடு.
ஆரோ சொன்ன பகிடிக்குச் சிரிச்சுப்போட்டு
மண்டபம் வெறுமையாகுமட்டும்
கதிரையை விட்டு எழும்பேல்லை.
நாவல் நிறச் சீலை.
கடவுளுக்கில்லை, நிறத்துக்குத்தான் நன்றி சொன்னன்.

மார்க்கம் றோட்டுக் கிளினிக்கிலை
மொழிபெயர்க்க மகனைக் கூட்டி வரலாமாம்.
தனியத்தான் போனன்.
டொக்ரர் பொம்பிளை, ஏதோ நம்பரை அமத்தி
போனை எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவிலை வைச்சா.
போனுக்குள்ளை ஒரு தமிழ்ப் பெண்.
பேர் சொல்லேல்லை, இலக்கம் சொன்னா.
"நீங்கள் சொல்லுறதை நானே சொல்லுறமாதிரித்தான் சொல்லுவன்,
அதுதான் விதி" எண்டா.
வன்கூவரோ, வின்னிப்பெக்கோ,
எங்கை இருந்து கதைக்கிறாவோ தெரியாது.

"தண்ணி" எண்டன்.
"எந்தத் தண்ணி, அக்கா?"
சுவரிலை கருப்பையின்ரை படம் தொங்கினது,
இறைச்சிக்கடைப் படம் மாதிரி.
அதைப் பாத்துக்கொண்டு சொன்னன்:
சலம்.
சிரிச்சால். இருமினால். பாண் தட்டுத் தூக்கினால்.
இரவிலை நாலு தரம்.
அகப்பை கட்டின திறப்பு. சீலை.
எட்டு வருசம்.

அவ இங்கிலீசிலை சொல்லத் தொடங்கினா.
எனக்கு முழுக்க விளங்காது,
ஆனால் 'ஐ' எண்டால் ஆரெண்டு தெரியும்.
ஐ, ஐ, ஐ.
என்ரையில்லாத குரலிலை,
பஸ் வாற நேரம் சொல்லுறமாதிரி, வெக்கமில்லாமல்.
இரவிலை நாலு தரம் எண்ட இடத்திலை
குரல் ஒருக்கா சிக்கினது.
செருமிப்போட்டு
திரும்பவும் 'ஐ' எண்டா.

டொக்ரர் எழுதினா. சோதினை ஒண்டு,
பயிற்சி பழக்கிற இடம், நாலு மாசம் காத்திருக்க வேணும்,
தண்ணி குடிக்கிறதை நிப்பாட்டக் கூடாது.
எல்லாம் தமிழிலை வந்தது.
"வேறை ஏதும் கேக்க இருக்கோ?"
இல்லை எண்டன்.

போன் கொஞ்சநேரம் சும்மா இருந்தது.
"அக்கா, அந்தப் பயிற்சியின்ரை பேரை
எழுத்துக்கூட்டிச் சொல்லச்சொல்லிக் கேக்கட்டோ?"

"கேளுங்கோ" எண்டன்.

டொக்ரர் ஒவ்வொரு எழுத்தாச் சொன்னா, ஆறுதலாய்.
என்னட்டைப் பேனை இல்லை.
போனுக்குள்ளை
ஒண்டு ஓடுற சத்தம் கேட்டது.